ரேடோம் தகட்டில் குமிழ், பிசுபிசுப்பு, ஏறிப்போன எண்: கடலோரக் கொட்டகையில் எதை முதலில் பார்ப்பது

விமானத்தின் மூக்கில் ரேடாரை மூடியிருக்கும் கூம்புதான் ரேடோம். ரேடியோ அலை அதன் வழியே தடங்கல் இல்லாமல் போய் வர வேண்டும். மழை, எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய் எதுவும் அதை அரிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பொருந்தும் ரெசினையும் (சூட்டில் இறுகும் பிசின்) இழைத் துணியையும் தேடி, பாம்பன் பக்கம் ஒரு கொட்டகையில் உள்ளங்கை அகலச் சோதனைத் தகடுகள் செய்து வருகிறோம். முன்பு ஃபைபர் படகு போட்ட கொட்டகை. இன்றும் ஒரு பாதியில் படகு வேலைதான் நடக்கிறது. மறுபாதியில் தடுப்பு போட்டு ஏசி வைத்திருக்கிறோம்.

உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் ஐ.என்.எஸ். பருந்து இருப்பதால், விமானத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. கல்லூரியில் ட்ரோன் செய்கிறவர்கள் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, பெங்களூர்ல இதே ரெசின் நல்லா வந்துச்சாம், எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். பத்தில் எட்டுத் தடவை பதில் ஒன்றுதான்: ஈரம். விலை கூடின ரெசினை வாங்கக் கிளம்புவதற்கு முன் கையில் இருப்பதை உலர்த்திப் பாருங்கள். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான், செலவில்லாத சோதனை முதலில்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய மின்காப்பு மாறிலிகள் (dielectric constant) சில. ஒரு பொருள் ரேடியோ அலையை எவ்வளவு தடுமாற வைக்கும் என்பதற்கான எண் இது; ரேடோமுக்குக் குறைவாக இருப்பதே நல்லது. சாதாரண ஈ-கிளாஸ் கண்ணாடி இழை 6-க்குச் சற்று மேல். குவார்ட்ஸ் இழை 3.8-ஐ ஒட்டி. எப்பாக்ஸி 3-லிருந்து 4 வரை. சயனேட் எஸ்டர் ரெசின்கள் 2.7-லிருந்து 3 வரை. டெஃப்ளான் 2.1. தண்ணீர் 80-ஐ ஒட்டி; ரேடார் வேலை செய்யும் 10 கிகாஹெர்ட்ஸில்கூட 60-க்கு மேல். கடைசி எண்ணையும் மற்றவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கட்டுரை ஏன் திரும்பத் திரும்ப ஈரத்தையே பேசுகிறது என்பது விளங்கும்.

இங்கே சொல்வதெல்லாம் சயனேட் எஸ்டரும் குவார்ட்ஸ் துணியும் வைத்துச் செய்யும் தகட்டுக்கு. ரெசின் ஏறிய துணியை அச்சின் மேல் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்த வேக்கம் (வெற்றிட) பைக்குள் வைத்து, அவனில் (சூட்டு அடுப்பு, oven) இறுக விடுவோம். எப்பாக்ஸிக்கும் பெரும்பாலானவை பொருந்தும், குமிழ் விஷயம் தவிர.

அறிகுறி 1: தகட்டுக்குள் குமிழ், நுரை, கொப்புளம்

முதலில் குமிழ் எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். குவார்ட்ஸ் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே இருப்பது ஓரளவு தெரியும். கைப்பேசி டார்ச் போதும்.

*குமிழ் உருண்டையாக, தகடு முழுக்கப் பரவி இருந்தால்*

ரெசினோ துணியோ ஈரம் குடித்திருக்கிறது. சயனேட் எஸ்டர் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பமேட் என்ற பொருள் உண்டாகும். அவனில் சூடு ஏற ஏற அது உடைந்து கார்பன் டை ஆக்சைடை விடும். இட்லி மாவு பொங்குவதுபோல ரெசின் உள்ளேயே பொங்கிவிடும். வேக்கத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் குமிழ் போகாது. வாயு வெளியிலிருந்து வரவில்லை, ரெசினுக்குள்ளேயே பிறக்கிறது.

சோதிக்கும் வரிசை:

முதலில் சமையல்கட்டுக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். ஜாடியில் உப்பு நீர்த்துக் கிடந்தால் அன்றைக்குத் துணியையும் ரெசினையும் திறக்க வேண்டாம். வாடைக்காற்று காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், பல நாள் இப்படித்தான் போகும். ஈரப்பதமானி வாங்கிய பிறகும் நான் ஜாடியைப் பார்க்கிறேன். மானி பழுதாகி இருக்கிறது, ஜாடி இதுவரை பொய் சொன்னதில்லை.

அடுத்தது துணி. 120 டிகிரியில் 2 மணி நேரம் அவனில் வைத்து, சூடு ஆறுவதற்குள் பைக்குள் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒரு துண்டை உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு நீர் குடித்திருந்தது என்று தெரிந்துவிடும். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும்.

மூன்றாவது, ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொருள். ரெசின் தடவிய துணியை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருப்போம். எடுத்த உடனே பையைப் பிரித்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல துணி முழுக்க வியர்க்கும். பையைப் பிரிக்காமல் ஒரு ராத்திரி அப்படியே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். பையின் மேல் வியர்வை நின்று, துடைத்த பிறகும் மறுபடி வராமல் இருந்தால்தான் பிரிக்கலாம். எங்களுக்கு வந்த குமிழ்களில் சரிபாதி இந்த அவசரத்தால் வந்தவை.

இவ்வளவும் சரியாக இருந்தும் பொங்கினால் ரெசின் டப்பாவே ஈரம் வாங்கியிருக்கும். பத்து கிராம் ரெசினை, துணி இல்லாமல், அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றி அதே சூட்டில் இறுக விடுங்கள். அதுவும் பொங்கினால் டப்பாவை ஒதுக்கிவிடலாம். புது டப்பா வாங்கும்போது சின்ன டப்பாக்களாக வாங்குங்கள், விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. பெரிய டப்பாவைப் பத்துத் தடவை திறந்தால் பத்துத் தடவையும் கடற்காற்று உள்ளே போகும்.

*குமிழ் நீளநீளமாக, நூலோடு ஒட்டி இருந்தால்*

இது சிக்கிய காற்று. ரெசினை 60 டிகிரிக்குச் சூடாக்கி, வினையூக்கி சேர்ப்பதற்கு முன் வேக்கத்தில் வைத்து நுரை அடங்கும்வரை காற்றை எடுங்கள். துணிக்குள் ரெசின் இறங்க அவகாசம் கொடுங்கள்.

*ஒரு மூலையில் மட்டும் இருந்தால்*

வேக்கம் பையில் ஓட்டை. பையை முழு வேக்கத்துக்குக் கொண்டுபோய் வால்வை மூடுங்கள். 5 நிமிடத்தில் மானி 25 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. ஃபேனை நிறுத்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து ஓரம் முழுக்க நகர்த்திக்கொண்டே போனால் சீறல் கேட்கும். அனேகமாக டேப் மடிப்பில்தான் இருக்கும்.

கசிவே இல்லாமல் வேக்கம் ஏறவில்லையா? பம்பின் எண்ணெய்க் கண்ணாடியைப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. பம்பில் ஈரத்தை வெளியேற்ற இருக்கும் கேஸ் பேலாஸ்ட் வால்வைத் திறந்து பம்பை 20 நிமிடம் வெறுமனே ஓட்டினால் பெரும்பாலும் தெளியும். தெளியவில்லை என்றால் எண்ணெயை மாற்றுங்கள். மாற்றியும் ஏறாவிட்டால் பம்ப் மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே பிரிக்க வேண்டாம்.

அறிகுறி 2: மின்காப்பு மாறிலி எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்

குவார்ட்ஸும் சயனேட் எஸ்டரும் சேர்ந்த தகடு 3.2, 3.3 பக்கம் வர வேண்டும். 3.6 காட்டுகிறது. கூடுதல் எங்கிருந்து வந்தது?

*முதல் கிளை: உலர்த்தினால் இறங்குகிறதா?*

தகட்டை 80 டிகிரியில் வைத்து நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகு மறுபடி அளந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பெரிய கருவி தேவையில்லை. 10 செ.மீ. சதுரத் தகட்டின் இரு பக்கமும் செம்பு டேப்பை முழுக்க ஒட்டி, எல்சிஆர் மீட்டரில் (கெபாசிட்டர் அளக்கும் கருவி) மின்தேக்கத் திறன் பாருங்கள். 2 மி.மீ. தடிமனுக்குச் சுத்தமான காற்றென்றால் 44 பைக்கோஃபாரட், 3.3 மாறிலி உள்ள தகடென்றால் 146 பக்கம். இது 10 கிகாஹெர்ட்ஸ் எண் இல்லை. ஆனால் நேற்றும் இன்றும் என்ன வித்தியாசம் என்று காட்ட இது போதும்.

இறங்கினால் தகடு நல்லது, வைத்திருந்த இடம் சரியில்லை. நீல சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பானால் அவனில் சுட்டு மறுபடி நீலமாக்கலாம்.

உலர்த்தியபோது இறங்கி, இரண்டே நாளில் பழையபடி ஏறினால், உள்ளே உப்பு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். பலர் பார்க்காத இடம் இதுதான். கடல் காற்றில் மிதந்து வரும் உப்புத்தூள் திறந்து வைத்த துணிச்சுருள்மேல் படியும், அடுக்கும்போது தகட்டுக்குள் போய்விடும், அங்கே இருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தக் காற்றின் வீரியம் தெரிந்துதான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் வைத்து உலோகத் துருவை ஆராய்ந்தது. சோதனை எளிது. பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரில் கால் லிட்டர் எடுத்து, ஒரு துண்டுத் துணியை அலசி, வீட்டு ஆர்ஓ மெஷினுக்கு வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை விடுங்கள். அலசாத நீருக்கும் அலசிய நீருக்கும் எண் தெளிவாக வித்தியாசப்பட்டால் அந்தச் சுருளின் வெளிச்சுற்றுகளை வெட்டி எறியுங்கள். உள்சுற்றை மறுபடி சோதியுங்கள். பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

வியர்வைக் கையும் உப்புதான். சித்திரை வெயிலில் கையுறை போடுவது கஷ்டம், தெரியும். போட்டே ஆக வேண்டும்.

*இரண்டாவது கிளை: உலர்த்தியும் இறங்கவில்லை*

துணி மாறிப் போயிருக்கலாம். வெள்ளைத் துணி எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். படகு வேலைக்கு வைத்த ஈ-கிளாஸ் துணியில் ஒரு அடுக்கு கலந்தாலே எண் ஏறும். ஒரு நூலை எடுத்துக் கேஸ் அடுப்பு நீலச் சுடரில் காட்டுங்கள். ஈ-கிளாஸ் இளகி நுனியில் மணியாகும். குவார்ட்ஸ் சிவந்து ஒளிரும், உருகாது. எங்களிடம் இப்போது இரண்டு துணிக்கும் தனித்தனி அலமாரி, தனித்தனிக் கத்தரி.

துணி சரிதான், ஆனால் ரெசின் குறைவாக, இழை அதிகமாக இருக்கிறதா? இழையின் எண் ரெசினைவிடக் கூடுதல் என்பதால் ரெசின் வறண்ட தகடு எண்ணை ஏற்றும். ஒரு துண்டை எடை போட்டு, 600 டிகிரி உலையில் ரெசினை எரித்துவிட்டு மீதியை எடை போட்டால் விகிதம் தெரியும். உலை உங்களிடம் இல்லாவிட்டால் கல்லூரி வேதியியல் துறையில் கேளுங்கள்.

*மூன்றாவது கிளை: மாறிலி சரி, இழப்பு (தகட்டுக்குள்ளேயே வீணாகும் அலை) மட்டும் எகிறுகிறது*

மின்கடத்தும் தூசி உள்ளே போயிருக்கிறது. அதே மேசையில் கார்பன் துணி வெட்டினீர்களா? அதன் மயிரிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவும். பென்சிலால் கோடு போட்டீர்களா? அதுவும் கார்பன்தான். இரும்புக் கம்பளியால் அச்சைத் தேய்த்தீர்களா? தகட்டின் மேல் பெயிண்ட் அடித்திருந்தால் அதில் உலோகத் தூளோ கரியோ இருக்கிறதா என்று டப்பாவில் படியுங்கள். இதில் உள்ளே போனதை வெளியே எடுக்க வழியே இல்லை. தகட்டை ஒதுக்கிவிட்டு, மேசையை ஈரத்துணியால் துடைத்துப் புதிதாகச் செய்யுங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் கூடுதல்தான் என்றால், அப்போது வேறு ரெசினைப் பற்றி யோசிக்கலாம். பிஸ்பீனால்-ஏ வகைச் சயனேட் எஸ்டரின் 2.9-லிருந்து ஃப்ளூரின் சேர்ந்த வகையின் 2.7-க்குக் கீழே போகலாம். விலையோ பல மடங்கு. ஈரமான துணியோடு அதையும் பயன்படுத்தினால் காசு கடலில் போட்ட மாதிரி.

அறிகுறி 3: மாறிலி நம்ப முடியாத அளவு குறைவு

சந்தோஷப்படுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, அலையை விட்டு மாறிலியை அளக்கும் உலோகக் குழாயான அலைவழிகாட்டிக்குள் துண்டு இறுக்கமாக உட்காரவில்லை. 10 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குப் பயன்படும் குழாயின் உள்ளளவு 22.86-க்கு 10.16 மி.மீ. அகலப் பக்கச் சுவருக்கும் துண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுந்தாலே எண் இறங்கிவிடும். துண்டை மறுபடி வெட்டி அளவுகோலால் சரிபாருங்கள்.

இரண்டு, தகட்டுக்குள் வெற்றிடம் நிறைய இருக்கிறது. காற்றின் எண் 1 என்பதால் ஓட்டைத் தகடு அழகான எண் காட்டும். பிறகு அந்த ஓட்டைகளில் நீர் நிறையும். 24 மணி நேரம் நீரில் போட்டு எடை பாருங்கள், பிளாஸ்டிக் நீர் குடிப்பதை அளக்கும் ஏஎஸ்டிஎம் டி570 என்ற சோதனை விதி சொல்வதும் இதைத்தான். எடை கணிசமாக ஏறினால் அறிகுறி 1-க்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி 4: மேற்பரப்பு பிசுபிசுக்கிறது, அல்லது எண்ணெயில் ஊறி மென்மையாகிறது

வெள்ளைத் துணியில் எம்இகே கரைப்பானை நனைத்து ஐம்பது தடவை தேயுங்கள். துணி மஞ்சளானால், மேற்பரப்பு மங்கினால், ரெசின் முழுக்க இறுகவில்லை.

அவன் காட்டும் சூட்டை நம்ப வேண்டாம். தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பி) கொதிக்கும் நீரில் விடுங்கள், கடல்மட்டத்தில் இருக்கிறோம் என்பதால் 100 காட்ட வேண்டும். நொறுக்கிய ஐஸில் 0 காட்ட வேண்டும். அடுத்து அதைத் தகட்டின் மேலேயே ஒட்டி ஓட்டுங்கள். அவன் 177 என்று சொல்லும்போது கனமான இரும்பு அச்சின் மேல் 150 இருப்பதைப் பார்த்திருக்கிறோம். மூன்றாவது, நடுவில் கரண்டு போனதா? போயிருந்தால் அதே தகட்டை மறுபடி முழுச் சுற்றும் ஓட்டலாம். ஆனால் ரெசின் கெட்டியாவதற்கு முன் வேக்கம் போயிருந்தால் காப்பாற்ற முடியாது. பம்புக்கு மட்டுமாவது இன்வெர்ட்டர் வையுங்கள்.

177-ல் இறுகிய தகட்டுக்கு 220-க்கு மேல் ஒரு போஸ்ட் க்யூர் (இறுகிய பிறகு இன்னொரு சுற்று சூடு) தேவைப்படும். சரியான அளவு ரெசின் விற்றவரின் தாளில் இருக்கும். போஸ்ட் க்யூருக்குப் பிறகும் துணி மஞ்சளானால் வினையூக்கி அளவு தவறு, அல்லது எப்பாக்ஸியை இறுக வைக்கச் சேர்க்கும் அமீன் ஹார்டனர் பட்ட கிண்ணத்தில் கலந்திருக்கிறீர்கள். சயனேட் எஸ்டர் அமீனோடு உடனே வினை செய்யும். கிண்ணங்களைப் பிரித்து வையுங்கள்.

*தேய்ப்பில் நன்றாக இருந்தும் எண்ணெயில் எடை ஏறினால்*

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். அங்கே இழை முனைகள் திறந்திருக்கும், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல இழுக்கும். ஒரே தகட்டில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் ஓரத்தை அதே ரெசினால் பூசி இறுக்கிவிட்டு, இரண்டையும் ஏழு நாள் ஊறப் போடுங்கள். பூசியது மட்டும் தாங்கினால் ரெசின்மேல் பழி போடாதீர்கள்.

விமான ஹைட்ராலிக்கில் வரும் ஊதா நிற பாஸ்பேட் எஸ்டர் எண்ணெய், எரிபொருளைவிட மிகக் கொடியது. பெயிண்டைக் கழற்றும், கண்ணில் பட்டால் தாங்க முடியாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. கொட்டகையில் அதைத் தனியாளாகக் கையாளும் வேலையே வேண்டாம் என்பது என் முடிவு.

அறிகுறி 5: தட்டினால் மந்தமான ஓசை

பழைய அஞ்சு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். படகில் மேஸ்திரிகள் செய்வது அதே வேலைதான். நல்ல இடம் கணீர் என்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடம் பலாப்பழத்தைத் தட்டின மாதிரி. எல்லையைச் சாக்பீஸால் வரையுங்கள், பென்சில் கூடாது. சோதனைத் தகடென்றால் அந்த இடத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு மீதியை அளக்கலாம். அடுத்த தகட்டில் அடுக்கும்போது பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளில் ஒன்று உள்ளேயே தங்கிவிடவில்லையா என்று எண்ணிப் பாருங்கள். உரித்த தாள்களை ஒரு டப்பாவில் போட்டு, கடைசியில் எண்ணிக்கை சேருகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம்.

அறிகுறி 6: தகடு வளைகிறது

நடுவுக்கு மேலும் கீழும் அடுக்குகள் ஒரே மாதிரி இல்லை, அல்லது சூட்டோடு அச்சிலிருந்து எடுத்துவிட்டீர்கள். வரிசையை எழுதி வைத்து அடுக்குங்கள், 60 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு எடுங்கள்.

அறிகுறி 7: கலவை தானாகச் சூடாகிறது, புகைகிறது

இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. அவனை அணைத்துவிட்டு வெளியே போங்கள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு. சயனேட் எஸ்டர் இறுகும்போது நிறைய வெப்பம் விடும். ஒரே டப்பாவில் பெரிய அளவைச் சூடாக்கினால் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் தன்னைத்தானே துரத்தி ஏறும். புகையை மூச்சில் வாங்காதீர்கள், டப்பாவைத் தூக்கி ஓடாதீர்கள். தீ பிடித்தால் 101. இதைத் தடுக்க ஒரே வழி சின்ன அளவு. நாங்கள் ஒரு கிண்ணத்தில் 100 கிராமைத் தாண்டுவதில்லை.

கொட்டகையில் முடியாதது எப்போது

யாராவது பறக்கிற விமானத்தின் ரேடோமைக் கொண்டுவந்து ஒட்டித் தரச் சொன்னால், எவ்வளவு சின்ன விரிசலாக இருந்தாலும் தொடாதீர்கள். அது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் உள்ள பழுதுபார்ப்பு நிலையத்தின் வேலை. ஒட்டுப் போட்ட இடத்தில் தடிமன் கொஞ்சம் மாறினாலும் ரேடார் பார்க்கும் திசையே தப்பிவிடும். மேகத்துக்குள் போகும் விமானிக்கு அந்தத் திசைதான் கண்.

உங்கள் சொந்தத் தகட்டுக்கு: எம்இகே தேய்ப்பிலும் எடைச் சோதனையிலும் தேறி, அப்புறமும் காரணம் பிடிபடாவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதற்கு டிஎஸ்சி (வெப்ப ஓட்டத்தை அளக்கும் சோதனை). சயனேட் மிச்சம் இருக்கிறதா என்பதற்கு எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளிச் சோதனை). அதன் வரைபடத்தில் 2270 செ.மீ.⁻¹ பக்கம் உச்சி தெரிந்தால் மிச்சம் இருக்கிறது. பாலிமர் சோதனைக்கு மதுரையிலும் சென்னையிலும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட் இருக்கிறது. 10 கிகாஹெர்ட்ஸில் சரியான அளவீட்டுக்குச் சென்னை தரமணியில் இருக்கும் சமீர் (SAMEER) என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அனுப்பும்போது ஒரே தகட்டிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு உலோகத் தாள் பையில் ஒட்டி, எடையையும் தேதியையும் பை மேல் எழுதுங்கள். இன்னொன்றைக் கொட்டகையில் இருந்தபடியே, அன்றைய ஈரப்பதத்தோடு, வேறு பையில் வையுங்கள். இரண்டையும் அளக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் உலர்ந்ததை மட்டும் அளந்து அனுப்பிவிடுவார்கள், இங்கே கச்சான் காற்றில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.